நாலு சேலையும் ஒரு கேள்வியும்

கேள்வி: எனக்கு 56 வயது, மதுரையில் வசிக்கிறேன். 6 ஆண்டுகளாகக் குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து வருகிறேன். பேரனின் முதல் பிறந்தநாளுக்காக ஐந்தங்குலச் சதுரங்கள் 120-ஐ இணைத்து, 7 மாதம் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு ஒரு போர்வை முடித்தேன். பின்புற மூலையில் ‘அன்புடன் அப்பத்தா’ என்று என் பெயரையும் பூத்தையலில் போட்டேன். கடைத் துணி வேண்டாம் என்று, மாமியாரின் பெட்டியில் சும்மா கிடந்த 4 சுங்குடிச் சேலைகளை எடுத்துக்கொண்டேன். மீதித் துணியை அடுத்த போர்வைகளுக்காக மடித்து வைத்திருக்கிறேன். 82 வயதாகும் அவர், இடுப்பு எலும்பு முறிந்த பிறகு நைட்டிதான் அணிகிறார். நான் வெட்டுவதைப் பார்த்து, “எல்லாத்தையுமா?” என்று ஒருமுறை கேட்டதோடு சரி. பெங்களூரில் இருக்கும் மருமகளோ, இதை வாஷிங் மெஷினில் போட முடியாது என்று லாஃப்ட்டில் ஏற்றிவிட்டு, கடையில் வாங்கிய கம்ஃபர்ட்டரைக் குழந்தைக்குப் போர்த்துகிறாள். கணவரிடம் சொன்னால், “வீடெல்லாம் நூல்” என்கிறார். என் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? மருமகளிடம் இதை எப்படிப் பேசுவது?

பதில்: பேரனுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்ததை மருமகள் ஓரம் கட்டிவிட்டாள் என்னும் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஸ்வெட்டர், பட்டுச் சட்டை, நெய்யில் வறுத்த சத்துமாவு என்று பொருள்தான் மாறும். ஆகவே உங்கள் உழைப்பின் அருமையைப் பற்றி இரண்டு பத்தி எழுதி மனத்தைத் தேற்றுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் மருமகளுக்கான பதிலை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: கையால் தைத்த போர்வையை மெஷினில் போட அவள் தயங்கியது நியாயம்தான், எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், அதற்கு மேல் அவளிடம் பேச ஒன்றுமில்லை.

எனக்குப் பேச வேண்டியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிச் சென்ற ஒரு சொல்லைப் பற்றி. “எல்லாத்தையுமா?” என்று கேட்டாரே உங்கள் மாமியார், அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. மருமகள் சொன்னதையும் கணவர் சொன்னதையும் சொல் பிசகாமல் எழுதியிருக்கும் நீங்கள், இந்தக் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலை எழுதவில்லை. ஒன்றுமே சொல்லாமல் கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் “ஏன் எடுத்தாய்?” என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொள்ளுப்பேரனுக்கு என்றால் ஒரு சேலையை, ஏன் இரண்டைக்கூட, அவரே எடுத்து நீட்டியிருப்பார். அவர் கேட்டது அளவைப் பற்றி. அந்த அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு உங்கள் தொழிலுக்குப் புதிதன்று. 120 சதுரத்துக்கு 4 சேலை என்றால் சேலைக்கு 30 சதுரம். இரண்டு கரையையும் ஒதுக்கிவிட்டு 40 அங்குல அகலம்தான் கிடைக்கும் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு வரிசைக்கு 8 சதுரம் விழும். நாலே வரிசையில், அதாவது 20 அங்குல நீளத்தில், உங்களுக்கு வேண்டியது கிடைத்திருக்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் அரை மீட்டர். அதையும் முந்தானைக்கு எதிர்முனையில், இடுப்பில் செருகினால் கண்ணுக்கே தெரியாத பகுதியில் வெட்டியிருந்தால், நாலு சேலையும் கட்டக்கூடிய சேலைகளாகவே பெட்டிக்குத் திரும்பியிருக்கும். கால் அங்குலத் தையல் விளிம்பு பிசகாமல் 7 மாதம் தைக்கத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், அந்தச் சேலைகளுக்கு ஓர் உடைமைக்காரர் இருக்கிறார் என்பதே உங்கள் நினைவில் இல்லாததுதான்.

“இப்போது நைட்டிதான் அணிகிறார்” என்பதை ஒரு சமாதானமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. எலும்பு முறிந்தவருக்குப் பணிவிடை செய்ய நைட்டி வசதி என்பது உண்மை. அந்தப் பணிவிடையை நீங்கள்தான் செய்கிறீர்கள் என்பதையும் மறுக்கவில்லை, அதற்காக உங்களை வணங்குகிறேன். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சேலையில் நடமாடிய ஒரு பெண்மணி, கூடத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் நைட்டியின் மேல் அவசர அவசரமாக ஒரு துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்வதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெட்டியில் நாலு சேலை மடிப்புக் கலையாமல் இருக்கிறது, கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் கட்டிக்கொள்ளலாம் என்பது அத்தகையவர்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா? இறந்தவர் வீட்டில்கூடக் காரியம் முடியும்வரை பெட்டியைத் திறக்கத் தயங்குவார்கள். நீங்கள் உயிரோடு இருப்பவரின் பெட்டியைப் பிரித்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டியிருக்கிறீர்கள்.

பழைய சேலையைப் போர்வையாக்குவது காலங்காலமாக நடப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நடப்பதுதான். வங்காளத்துக் காந்தா, உடுத்திப் பழசான சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே உருவிய நூலால் தைக்கப்பட்டது. நம்முடைய ‘கந்தை’ என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வட கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வையும் பழந்துணியில் பிறப்பதுதான். நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குத் தூளி கட்டுவது பாட்டியின் நைந்த நூல் சேலையில்தான், ஆனால் அதைப் பாட்டியே தேர்ந்தெடுத்துத் தன் கையால் எடுத்துக் கொடுப்பார். இவை எல்லாவற்றிலும் துணி முதலில் உடம்பில் தேய்ந்து, பிறகே ஊசிக்கு வருகிறது. உங்கள் மாமியாரின் சேலைகள் கைமுடிச்சுச் சுங்குடியாக இருந்தால், நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் இறுக்கி முடிந்து சாயத்தில் தோய்த்த புள்ளிகள் ஒவ்வொன்றும் விரலுக்குச் சற்றே சுருக்கமாகத் தட்டுப்படும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே அவர் அவற்றைத் தோய்த்து, கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி மடித்து வைத்திருப்பார். சும்மா கிடந்த துணி வேண்டுமென்றால் விளக்குத்தூண் பக்கம் எந்தக் கடையிலும் கட் பீஸ் கிடைக்குமே.

உங்கள் கணவரையும் நான் விட்டுவிடுவதாக இல்லை. பெற்ற தாயின் சேலைகள் துண்டாகும்போது அவர் கண்ணில் பட்டது தரையில் கிடந்த நூல் மட்டும் என்றால், இந்தப் பதிலை அவருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மடித்து வைத்திருக்கும் மீதித் துணி முழுவதையும் இன்றே எடுத்துக்கொண்டு போய் உங்கள் மாமியாரின் மடியில் வையுங்கள். “அத்தை, கேட்காமல் வெட்டிவிட்டேன், தப்புதான்” என்று சொல்லுங்கள். பேரனையும் பிறந்தநாளையும் அதற்குத் துணைக்கு இழுக்காதீர்கள். எந்தத் துண்டு எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது என்று அவர் முன்னாலேயே விரித்து அளந்து பாருங்கள். நீங்கள் குறுக்கே கண்டபடி வெட்டியிருந்தாலும், இரண்டு சேலைகளின் மீதியை இணைத்தால் ஒரு முழுச் சேலை தேறக்கூடும். அவர் கட்டிக்கொள்ள விரும்பினால், நின்று கொசுவம் வைக்கும் சிரமம் இல்லாதபடி, கொசுவத்தை மடித்து இடுப்புவரை தைத்து, மேலே நாடா கோத்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே சுற்றி முடிந்துகொள்ளும் வகையில் தைத்துக் கொடுங்கள். காலைத் தூக்கி நுழைக்கும்படி பாவாடை போல மூடித் தைத்துவிடாதீர்கள், இடுப்பு முறிந்தவருக்கு அது ஆகாது. முந்தானை தோளில் நிற்க ஒரு கொக்கி போதும். உங்கள் கைக்கு இது ஒரு பிற்பகல் வேலை. அவர் முடிவைச் சொல்லும்வரை அந்தத் துணியில் வேறு எதையும் தொடங்க வேண்டாம்.

பெங்களூர்ப் போர்வை லாஃப்ட்டில் கிடப்பதும் ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. அடுத்த முறை மகன் வரும்போது அதை எடுத்துவரச் சொல்லுங்கள். 4 சேலையும் யாருடையவோ, அவருடைய பெயர் அந்தப் போர்வையில் எங்குமே இல்லை. மூலையில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. எந்தச் சேலை எப்போது, எதற்காக வாங்கியது என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, அதை ஒரு சிறு துணியில் அவர் பெயரோடு பூத்தையலாகப் போட்டு, உங்கள் பெயருக்கு மேலே வைத்துத் தைக்கலாம். தைக்கலாமா என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டு ஊசியில் நூலைக் கோத்துக்கொள்ளுங்கள்.