‘நான் இப்படித்தான்’ என்கிறார் கணவர்

கேள்வி: திருமணமாகி ஏழு வருடம். கணவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருந்தது நான்கு மாதம் முன்பு தெரியவந்தது. இப்போது இல்லை என்கிறார். நெருங்கியவர்களிடம் நாம் எப்படி ஒட்டுகிறோம் என்று சொல்லும் அட்டாச்மென்ட் டெஸ்டை இருவரும் ஆன்லைனில் எடுத்துப் பார்த்தோம். அவர் ஒட்டாமல் விலகும் ரகமாம், நான் பதறும் ரகமாம். “நான் இப்படித்தான், என்ன செய்ய?” என்கிறார். என் நச்சரிப்புதான் காரணமோ? மறுபடியும் செய்வாரா?

பதில்: நச்சரித்தீர்கள் என்றே இருக்கட்டும். அதற்கு அவர் சண்டை போட்டிருக்கலாம், பிரிந்துவிடலாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இன்னொருவரிடம் போனது அவர் எடுத்த முடிவு.

சரி, டெஸ்டுக்கு வருவோம். தாய்–சேய் பிணைப்பைப் பற்றி மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதை 1987-இல் ஹசான், ஷேவர் என்ற இரு உளவியலாளர்கள் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அவர்களும் ஒரு நாளிதழில் கேள்விகளை அச்சிட்டுத்தான் பதில் வாங்கினார்கள், அதனால் உங்கள் டெஸ்டை நான் கேலி செய்யப் போவதில்லை. நெருக்கம் கூடினால் விலகும் சுபாவக்காரர்களுக்கு மூச்சு முட்டும்; வெளியே ஒரு கண் இருக்கும். 2011-இல் டிவால் என்ற உளவியலாளரின் குழு செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. ஆனால் 2013-இல் புதுமணத் தம்பதிகளை ஆராய்ந்தபோது, ஒருவரின் விலகும் சுபாவத்துக்கும் அவர் செய்யும் துரோகத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. பதறும் சுபாவத்தோடுதான் தொடர்பு தெரிந்தது. துரோகம் செய்தவரிடம் மட்டுமல்ல, அவருடைய துணையிடம் பதற்றம் இருந்தாலும் துரோகத்துக்கான வாய்ப்பு கூடியது. இதைப் படித்துவிட்டு மறுபடி உங்களையே குத்திக்கொள்ளாதீர்கள். பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி அது. உங்கள் வீட்டில் யார் என்ன செய்தார் என்பது அதில் இல்லை. அவர் “என்ன செய்ய?” என்று கைவிரிக்கவும் அதில் இடமில்லை. இந்தச் சுபாவங்கள் மாறக்கூடியவைதான்.

மறுபடி செய்வாரா என்பதை எந்த டெஸ்டும் சொல்லாது. அடுத்த முறை நீங்கள் அதைப் பற்றிக் கேட்கும்போது கவனியுங்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார். அது பழைய பழக்கம், போகட்டும். அரை மணி நேரம் கழித்துத் தானே வந்து, “என்னவோ கேட்டாயே” என்று உட்காருகிறாரா? நான் நம்புவது அதைத்தான். நீங்களும் அவர் தூங்கிய பிறகு போனைத் துழாவுவதை விட்டுவிட்டு, பகலில் நேராகக் கேளுங்கள்.

அப்புறம், தம்பதியர் ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். அட்டாச்மென்ட்டை வைத்தே சூ ஜான்சன் உருவாக்கிய சிகிச்சை முறை இருக்கிறது. அதில் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் நல்லது. கணவர் வர மறுத்தால், நீங்கள் மட்டுமாவது போங்கள்.