கையெழுத்துக்கு முன்னால் வெளியே வரும் தேதியைப் பார்

தம்பி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு நிறுவனம் நல்ல சம்பளம் தருகிறது, ஆனால் ஐந்து வருட பாண்டு. இன்னொன்றில் சம்பளம் குறைவு, இரண்டு வருடத்தில் விலகிக்கொள்ளலாம். அம்மா முதலாவதில் சேரச் சொல்கிறார். நீ அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கார்மெலோ ஆன்டனியைக் காட்டி, "அவர் மாதிரி திறமை இருந்தும் கோப்பை இல்லாமல் முடிந்துவிடுவேனோ" என்று கேட்டிருக்கிறாய். நானும் கூடைப்பந்தை விடாமல் பார்க்கிறவன். நீ சொல்வதில் பாதி சரி, பாதி சரியில்லை.

சரியில்லாத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் ஆடி, 2003ல் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். டென்வர் அணி அவர் வருவதற்கு முந்தைய சீசனில் 17 ஆட்டங்கள்தான் வென்றிருந்தது. அவருடைய முதல் சீசனில் 43. 2023ல் ஓய்வை அறிவித்தபோது 28,289 புள்ளிகளோடு என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் வரலாற்றில் ஒன்பதாவது இடம். மூன்று ஒலிம்பிக் தங்கம், 2025ல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் கௌரவம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவரை வீணாய்ப்போனவர் பட்டியலில் சேர்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் கோப்பை இல்லாததை ஒருவர் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

இப்போது நீ சொன்னதில் சரியான பாதி. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 2003ல் லெப்ரான் ஜேம்ஸ் முதலாவது, கார்மெலோ மூன்றாவது, கிறிஸ் பாஷ் நான்காவது, டுவைன் வேட் ஐந்தாவது. நால்வருக்கும் 2006ல் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் நேரம் வந்தது. மற்ற மூவரும் ஆண்டுகளைக் குறைத்து, 2010லேயே விலகும் உரிமையோடு கையெழுத்திட்டார்கள். கார்மெலோ நீண்ட ஒப்பந்தத்தை எடுத்தார். அவருக்குக் கதவு திறப்பது 2011ல். ஒரே ஒரு வருட வித்தியாசம்தான். 2010 கோடையில் அந்த மூவரும் மயாமியில் ஒன்றுசேர்ந்தார்கள். 2012, 2013 இரண்டு வருடமும் கோப்பை அங்கே போனது. கார்மெலோ அந்தக் கோடையில் டென்வர் ஒப்பந்தத்துக்குள் இருந்தார்.

இதை அம்மாவிடம் காட்டி "பார்த்தீர்களா" என்று சொல்லிவிடாதே. கார்மெலோவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பால்ட்டிமோரின் வறிய, வன்முறை நிறைந்த குடியிருப்பில் வளர்ந்த பையன். 22 வயதில் அப்படிப்பட்டவர் முன்னால் கூடுதலாக ஒரு வருடத்துக்கு உறுதியான பணத்தை வைத்தால், அதை எடுத்துக்கொண்டதை நான் தப்பென்றே சொல்ல மாட்டேன். காயம் பட்டால் நாளைக்கே ஆட்டம் முடிந்துவிடலாம். உன் அம்மா பயப்படுவதும் அதே மாதிரி இடத்திலிருந்துதான். அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்துப் பேசு.

என்னை உறுத்துவது அதற்கு அடுத்து நடந்தது. 2011 தொடக்கத்தில் அவர் நியூயார்க் நிக்ஸ் அணிக்குப் போக விரும்பினார். சில மாதம் பொறுத்திருந்தால் ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது எந்த ஒப்பந்தத்திலும் இல்லாதவராகப் போயிருக்கலாம். நிக்ஸ் யாரையும் இழந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் லீக்கின் ஊதிய விதிகள் அந்த ஜூன் மாதத்தோடு காலாவதியாக இருந்தன. புது விதியில் பணம் குறையும் என்ற கவலை. கவலை நியாயமானதுதான், லீக் உண்மையிலேயே டிசம்பர் வரை முடங்கிக் கிடந்தது. அதனால் பிப்ரவரியிலேயே டிரேட், அதாவது அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம், நடந்தது. கல்லினாரி, சாண்ட்லர், ஃபெல்ட்டன், மோஸ்கோவ், கூடவே டிராஃப்ட் உரிமைகள் என்று ஒரு கூட்டமே டென்வருக்குப் போனது. தான் சேரப்போகும் வீட்டின் சாமான்களைக் கொடுத்துத்தான் அந்த வீட்டுக்குள் அவர் நுழைய வேண்டியிருந்தது. 2006ல் விட்ட ஒரு வருடத்தின் விலை இது என்றுதான் நான் பார்க்கிறேன். அங்கேயும் அவர் சோடை போகவில்லை. 2012-13ல் ஆட்டத்துக்கு 28.7 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம், அணிக்கு 54 வெற்றி. இரண்டாம் சுற்றில் இண்டியானா நிறுத்திவிட்டது. 2014ல் மறுபடி கதவு திறந்தது, சிகாகோ அழைத்தது, அவர் நியூயார்க்கிலேயே தங்கினார். அடுத்த சீசனில் அந்த அணி வென்றது 17 ஆட்டம்.

இன்னொன்றும் இருக்கிறது, நீ கடிதத்தில் தொடாதது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நைஜீரியாவுக்கு எதிராக, தொடக்க ஐவரில் இல்லாமல் மாற்று வீரராக பெஞ்ச்சிலிருந்து எழுந்து வந்து 14 நிமிடத்தில் 37 புள்ளிகள் எடுத்தார். அவ்வளவு நட்சத்திரங்களுக்கு நடுவே தன் வேலை என்ன என்று தெரிந்து ஆடியபோது யாராலும் அவரை நிறுத்த முடியவில்லை. ஆனால் 2017ல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனபோது பெஞ்ச்சிலிருந்து வருவீர்களா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். அடுத்த வருடம் ஹூஸ்டனில் பத்தே ஆட்டம். பிறகு ஒரு வருடம் எந்த அணியிலும் இல்லை. 2019 நவம்பரில் போர்ட்லேண்ட் கூப்பிட்டது. பின்னால் அங்கே பெஞ்ச்சிலிருந்தே வந்து நன்றாகவும் ஆடினார். அந்த மனம் நான்கைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். நீ சம்பளத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், பாண்டைப் பற்றி ஒரே வரி. அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டும். ஐந்து வருடத்துக்குள் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? வருடம் ஏற ஏற அந்தத் தொகை குறையுமா, கடைசி வரை அப்படியே நிற்குமா? சான்றிதழ்களின் அசலைக் கேட்கிறார்களா? கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் சரி. உன்னோடு படித்தவர்கள் மேற்படிப்புக்கோ வேறு நிறுவனத்துக்கோ நகரும் காலம் எப்போது வரும் என்று யோசித்து, அந்த வருடத்தில் உன் கை கட்டப்பட்டிருக்குமா என்று பார். தொகை வருடாவருடம் குறைகிறது, இரண்டு மூன்று வருடத்தில் கட்டிவிட்டு வரக்கூடிய அளவுதான் என்றால் அம்மா சொல்வதைக் கேட்டு முதலாவதில் சேர்ந்துவிடு. நான் அதையே சொல்வேன். இல்லையென்றால் இரண்டாவது. ஆனால் அங்கே குறையும் சம்பளத்தில் வீட்டுச் செலவு எப்படி ஓடும் என்ற கணக்கை எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்புறம் பேசு, வெறுங்கையோடு போகாதே.

எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு வா. அம்மாவையும் கூட்டி வா, மூன்று பேரும் உட்கார்ந்து படிக்கலாம்.