கருகிய பவர் சப்ளைக்குக் கடைக்காரர் பொறுப்பாவாரா?

தலவாக்கலையிலிருந்து எழுதியுள்ள வாசகர், தாமே பொருத்திய கேமிங் கணினிக்காகக் கண்டியில் ஒரு கடையில், கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் 750 வாட் பவர் சப்ளை வாங்கியிருக்கிறார். ஏழாவது வாரத்தில் அது கருகியதுடன் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டும் பழுதாகிவிட்டது. "கருகல் தடம் இருந்தால் உத்தரவாதம் இல்லை" என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

அந்த ஒற்றை வரியோடு உங்கள் உரிமை முடிந்துவிடவில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவர் தமது தேவையைச் சொல்லி, அந்த வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கும் விற்பனையாளரின் தேர்ச்சியை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை எழுதப்படாமலே ஒப்பந்தத்தில் அடங்கும். ஆனால் குறித்த ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நீங்களோ கார்டின் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதற்கு எது சரிவரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள், அவரே தெரிவுசெய்து கொடுத்திருக்கிறார். உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்தச் செய்திதான். ஆகவே அதை அழித்துவிடாதீர்கள். மேலும், பணம் கொடுத்த பிறகு கைக்கு வரும் சீட்டில் உள்ள வாசகம் ஒப்பந்தத்தின் பகுதியாகுமா என்று வாதிடவும் இடமுண்டு.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியில் 750 என்றிருக்க, லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 25 அம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் 300 வாட்தான். புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. உங்கள் கார்டு மட்டுமே 170 வாட் வரை எடுக்கும், அதன் தயாரிப்பாளர் பரிந்துரைப்பதோ 550 வாட் பவர் சப்ளை. இந்த வேறுபாடு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்யும் தவறாக வழிநடத்தும் செயல் என்றே கருதுகிறேன். அச்சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ், விசாரணைக்குப் பின் நட்டஈட்டுக்கோ மாற்றுப் பொருளுக்கோ பணத்தைத் திருப்பித் தரவோ அதிகார சபை கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் சேர வேண்டும். உங்களுக்கு எஞ்சியிருப்பது சில வாரங்களே. தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். நீதிமன்றம் செல்வதானால், இத்தகைய சிறு தொகைப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும்.

எதிர்த்தரப்பு மின்னலைக் காரணம் காட்டக்கூடும். மலைநாட்டில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி வழமையென்பதால் அது எடுபடக்கூடிய வாதமே. அன்று இடிமழை இருந்ததா, வீட்டிலும் அயலிலும் வேறு மின்சாதனம் எதுவும் பழுதானதா என்பதை இப்போதே திகதியுடன் குறித்து வையுங்கள். கருகிய பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம், பெட்டியை மூடி ஒட்டியுள்ள உத்தரவாத ஸ்டிக்கரும் கிழிந்துவிடும். தகுதியுள்ள தொழினுட்பவியலாளரிடம் காட்டி எழுத்தில் கருத்துப் பெறுங்கள்.

அடுத்ததை வாங்கும்போது 12 வோல்ட் அம்பியரைப் பார்த்து, மாதிரி இலக்கத்தையும் உங்கள் கார்டின் பெயரையும் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். பவர் சப்ளைகளில் காணப்படும் "80 பிளஸ்" முத்திரை, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத செயற்றிறனுக்கு மட்டுமே சான்று. பழைய பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கேபிள்களைப் புதியதில் செருகவே வேண்டாம். முனைகளின் அமைப்பு மாறுபட்டால் மிஞ்சிய பாகங்களும் கருகும். அந்தக் கேபிள்களும் சான்றுப் பொருள்களே என்பதால், கருகிய பெட்டியுடன் சேர்த்துக் கட்டி வையுங்கள்.