அவதாருக்கு ஆதார் உண்டா?

கேள்வி: செகண்ட் லைஃப்ங்குற ஆன்லைன் கற்பனை உலகத்துல எனக்குப் பதிலா நடமாடுற உருவம், அதான் என் அவதார், அது பேர்ல ஃபேஸ்புக் அக்கவுன்ட் தொடங்கினா தூக்கிடுவாங்களாமே, எங்களுக்குன்னு வேற இடமே இல்லையா சார்?

பதில்: ஃபேஸ்புக்ல உங்கள நிஜத்துல கூப்பிடுற பேர்தான் வேணும், நீல முடியும் ரெக்கையுமா நிக்கிற ஆளுக்கு அங்க வேலையில்ல. இதுக்குன்னே அவதார்ஸ் யுனைடெட்னு ஒரு சைட் இருந்துச்சு, செகண்ட் லைஃப் நடத்துற லிண்டன் லேப் 2010 ஜனவரில அத வாங்கி அதே வருஷம் மூடியும் வச்சாங்க (எதுக்குத்தான் வாங்குனாங்களோ!). இப்ப நெறைய பேர் ஃபோட்டோ போடுற சைட்டான ஃப்ளிக்கர்லதான் இருக்காங்க, செகண்ட் லைஃப்ல அவதாருக்குப் புது டிரெஸ் மாட்டி அங்க உள்ள கடற்கரைல ஒரு ஸ்நாப்ஷாட், கீழ சட்டை எந்தக் கடை முடி எந்தக் கடைன்னு வரிசையா எழுதி, அந்த எடத்துக்கே நேரா போற லிங்க்கும் போட்டுருப்பாங்க. அவதார் பேர்லயே இருக்கலாம், யாரும் ஆதார் கேக்க மாட்டாங்க. மெயில் ஐடி மட்டும் தனியா ஒண்ணு வச்சுக்கங்க.