இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை: முதலில் எதைப் பார்ப்பது?

கோலாலம்பூர் செந்தூலில் நேற்றைய மழைக்குப் பிறகு கார் 'கிர்ர் கிர்ர்' என்று சுற்றுகிறதே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை என்கிறீர்கள். வெள்ளம் இஞ்சின்வரை ஏறியிருந்தால் இனி சாவியைத் திருகாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம், இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஏறவில்லையா? சரி, வேகமாகச் சுற்றினால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் நலம். ரேடியோவை அணைத்துவிட்டு, சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பிக் காதைக் கொடுங்கள். பல கார்களில் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று முனகும். சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள், அப்புறம் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை. அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேயை மாற்றிச் செருகிப் பாருங்கள், காசு செலவில்லை. முனகுகிறதா? சுற்றும்போது இஞ்சின் வேகம் காட்டும் ஆர்பிஎம் முள் அசைகிறதா என்று கவனியுங்கள். அசையாவிட்டால் என் சந்தேகம், இஞ்சின் சுற்றுவதை உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மேல். எடுத்த எடுப்பில் பம்பை மாற்றச் சொல்லும் போர்மேனிடம் (மெக்கானிக்கிடம்), பெட்ரோல் பிரஷர் அளந்தாரா என்று கேளுங்கள்.