சோம்நாத் ஹோர்: அச்சும் வெண்கலமும் (கேள்வி பதில்)

கண்காட்சியில் வங்க ஓவியரும் சிற்பியுமான சோம்நாத் ஹோரின் ‘காயங்கள்’ வரிசையைப் பார்த்தேன். எனக்கு வெறும் வெள்ளைத் தாளாகத்தான் தெரிந்தது. என்னதான் இருக்கிறது அதில்?

எதிரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் இடத்துக்கு நகருங்கள். பிளந்த தோல், தையல் போட்ட தழும்பு, கொப்புளம் எல்லாம் நிழலாக எழுந்து வரும்.

1971 வாக்கில் தொடங்கிய வேலை இது. களிமண் பலகையைக் கத்தியால் கீறி, சூடான கம்பியால் துளைத்து, அதிலிருந்து சிமெண்ட் வார்ப்புரு எடுத்தார். அந்த வார்ப்புருவின் மேல் காகிதக் கூழைப் பரப்பி அழுத்தினார். காய்ந்ததும் உரித்தால் அதுதான் படம். மை பெரும்பாலும் கிடையாது. சிலவற்றில் மட்டும் துளி சிவப்பு.

ஹோர் சிட்டகாங்கில் (இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது) பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தின்போது ஓவியர் சித்தபிரசாத் அவரைப் பசித்தவர்களுக்கு நடுவே உட்கார வைத்து வரையச் சொன்னார். 1946இல் தேபாகா போராட்டத்தில், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்ட குத்தகை விவசாயிகளோடு இருந்து வரைந்தார். அந்தப் படங்களில் எலும்பும் வயிறும் உண்டு. ‘காயங்க’ளில் ஆளே இல்லை, காயம் மட்டும்தான். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

இவருடைய அச்சு ஒன்று இப்போது என்ன விலை போகும்?

ஏல நிறுவனத்தைக் கேளுங்கள்.

மையும் இல்லை, அழுத்து இயந்திரமும் இல்லை. அப்புறம் எப்படி இது அச்சு? புடைப்புச் சிற்பம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

ஒரே வார்ப்புருவிலிருந்து பல பிரதிகள் எடுக்கிறோம், அதனால் அச்சு.

அப்படியானால் வெண்கல வார்ப்பிலும் பல பிரதிகள் எடுக்கலாமே! அதுவும் அச்சா?

சரி, மாட்டிக்கொண்டேன். ஆனால் எட்சிங்கை யோசித்துப் பாருங்கள். அமிலம் தகட்டை அரிக்கிறது. தாளில் நாம் பார்ப்பது அந்த அரிப்பின் தடம். ஹோர் அதைப் பல வருடம் செய்தவர். பொருளைப் புண்படுத்தினால்தான் கோடு வரும் என்பது அவர் கைக்குப் பழகிய விஷயம். உலோகத் தகட்டின் இடத்தில் களிமண் வந்தது, 1974 வாக்கில் மெல்லிய மெழுகுத் தகடு வந்தது. அதைக் கிழித்து, மடித்து, ஒட்டி வெண்கலத்தில் வார்த்தார். அந்த ஒல்லியான உருவங்களில் ஒட்டுகூட மறைக்கப்படாமல் தழும்பாகவே நிற்கிறது. எனவே ‘அச்சா, சிற்பமா’ என்று நீங்கள் போடும் கோட்டை அவர் மதித்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் சொல்வது கவிதை. நான் கேட்டது வகைப்பாடு.

அருங்காட்சியகப் பதிவேட்டில் ‘காகிதக் கூழ் அச்சு’ என்று எழுதுங்கள். திருப்தியா?

வியட்நாம் மக்களுக்காக அவர் செய்த தாயும் சேயும் சிற்பம் எங்கே இருக்கிறது?

1977இல் முடித்தார். கொஞ்ச நாளிலேயே சாந்திநிகேதனின் கலைக் கல்லூரியான கலா பவனிலிருந்து திருடுபோய்விட்டது.

சாந்திநிகேதன் சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ் பெரியவரா, இவரா?

இது பட்டிமன்றம் இல்லை.

என்னிடம் கூழ் அச்சு ஒன்று இருக்கிறது. விலை...

மேலே பாருங்கள்.

அதே அச்சுதான். விலையை விடுங்கள், கண்ணாடிச் சட்டம் போடலாமா?

இதைக் கேட்டீர்களே, நல்லது. தாளைக் கண்ணாடி தொடவே கூடாது. என்னுடைய பழைய பிரதி ஒன்றைச் சட்டம் போடுபவர் அட்டையோடு சேர்த்து நன்றாக அழுத்தி, ‘சுருக்கம் எல்லாம் போய்டுச்சு சார்’ என்று நீட்டினார். அவர் சுருக்கம் என்று சொன்னதுதான் படம். உள்ளே இடைவெளி விட்டு, ஆழமான பெட்டிச் சட்டமாகப் போடச் சொல்லுங்கள். போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.