"கர்த்தாவே, எதுவரைக்கும்?": பாடுகளும் விசுவாசமும் பற்றிச் சில கேள்விகள்

வேத ஆராய்ச்சிக் குழுவில் வந்த கேள்விகளுக்கு இந்த முறை நான் பதில் எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆயர் நான். ஊழியத்தின் கடைசி வருடங்கள் பெரும்பாலும் மருத்துவமனை வார்டுகளில் கழிந்தன. கேட்டவர்கள் பெயர் வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை. "ஏன்" என்று கேட்டவர்களுக்கு என்னிடம் சரக்கு குறைவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இப்போது என்ன செய்வது" என்று கேட்டவர்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ஐயா, என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "இந்த வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கையிட்டால்தான் சுகம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் தூங்குவதில்லை. சின்ன வயதில் செய்ததையெல்லாம் நினைத்து அழுகிறாள்.

தம்பி, அந்த மனிதர் மறுபடி வந்தால் வாசலிலேயே ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பிவிடுங்கள். அறைக்குள் விடாதீர்கள். ஊழியக்காரரை அப்படிச் செய்யலாமா என்று யோசிக்க வேண்டாம், நோயாளியைக் காப்பதும் ஊழியம்தான்.

அவர் சொன்னது புதிதும் இல்லை. பிள்ளைகளையும் ஆஸ்தியையும் சுகத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவிடம் அவன் சிநேகிதர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் அதிகாரம் அதிகாரமாகச் சொன்னது அதுதான்: நீ ஏதோ செய்திருக்கிறாய், ஒத்துக்கொள். கேட்க நல்ல பக்தியாகத்தான் இருக்கும். ஆனால் கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருவது அவர்கள் மேல் (யோபு 42:7). பிறந்த நாளையே சபித்து, கடவுளை வழக்குக்கு இழுத்த யோபுதான் சரியாகப் பேசினான் என்று சான்று பெறுகிறான். கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் பலி செலுத்தவேண்டியதாயிற்று, அதுவும் யோபு அவர்களுக்காக ஜெபிக்க.

பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார் (லூக்கா 13). இதற்கு மேல் தெளிவாக எப்படிச் சொல்வது?

"விசுவாசம் இருந்தால் சுகம் வந்தே தீரும்" என்பவர்களுக்கும் ஒன்று. பவுலின் உறுமால் பட்டே நோய்கள் நீங்கின என்கிறது அப்போஸ்தலர் 19. அதே பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்கிறார். "முள்" என்று அவரே சொல்லும் தன் சொந்த வேதனைக்காக மூன்று தரம் வேண்டியும் அது போகவில்லை. இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு?

உங்கள் மனைவிக்கு உண்மையிலேயே மனதை உறுத்துவது ஏதாவது இருந்தால், அறிக்கையிடட்டும், மன்னிப்பு உண்டு. ஆனால் அதைக் கட்டியோடு முடிச்சுப் போட வேண்டாம். கீமோவை ஒரு சுற்றுகூட விடாதீர்கள். அப்புறம், இரவில் அவள் அழும்போது வசனம் எடுத்துச் சொல்ல வேண்டாம். விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.

புது வருட ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 ("நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு...") வாக்குத்தத்த அட்டை வந்தது. அதை நம்பி நீட் எழுதினேன். இரண்டாம் முறையும் போய்விட்டது. கர்த்தர் ஏமாற்றினாரா, நான்தான் ஏமாந்தேனா?

மகனே, நேர்மையான கேள்வி. அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கும். மேலே ஒரு வசனம் தள்ளிப் படித்திருந்தால் "எழுபது வருஷம்" என்று இருப்பதைப் பார்த்திருப்பாய். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், இப்போதைக்கு ஊருக்குத் திரும்பப்போவதில்லை என்பதுதான் செய்தி. கேட்டவர்களில் பெரியவர்கள் அநேகமாகப் பாபிலோனிலேயே செத்திருப்பார்கள்.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். "இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வரும்" என்று ஆலயத்தில் எல்லார் முன்னும் சொல்கிறான். நம் காலத்தில் இருந்தால் அவன் கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது. கர்த்தர் அவனை அனுப்பவில்லை.

அந்த வசனம் உனக்கு இல்லை என்று சொல்லவில்லை. அது ஒரு தேர்வு முடிவுக்கான உத்தரவாதம் இல்லை, அவ்வளவுதான். மூன்றாம் முறை எழுதுவதா, பி.எஸ்சி. நர்சிங்கோ வேறு படிப்போ சேருவதா என்பதை அப்பா அம்மாவோடும் உன் ஆசிரியரோடும் உட்கார்ந்து, வீட்டின் பணநிலையையும் பார்த்து முடிவு செய். அப்படி முடிவெடுப்பது அவிசுவாசம் இல்லை.

ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் கண்ணீர்தான் வருகிறது, இல்லாவிட்டால் கோபம்.

அதுவே ஜெபம், சகோதரி. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். அதிலாவது முடிவில் பாட்டு வருகிறது. 88ஆம் சங்கீதத்தில் கடைசி வசனம் வரை ஒரு ஆறுதலும் இல்லை. அதையும் ஆலயத்தில் பாடத்தான் வைத்தார்கள். நம் சபைகளில்தான் எல்லாரும் சிரித்த முகத்தோடு "நல்லா இருக்கேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவரிடமே போய் அவரைப் பற்றிக் குறை சொல்கிறவள் அவரை விட்டுப் போனவள் இல்லை. சொந்த வார்த்தை வராத நாளில் இந்த இரண்டு சங்கீதத்தையும் வாய்விட்டு வாசியுங்கள்.

ஒரே வார்டில் இரண்டு குழந்தைகள். இரண்டுக்கும் சபை உபவாசம் இருந்து ஜெபித்தது. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போயிற்று. என் மகள் போய்விட்டாள். என்ன வித்தியாசம்?

அம்மா, எனக்குத் தெரியாது.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை மட்டும் உங்களோடு வாசிக்க முடியும். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான், அது ஒரே வசனம். பேதுருவையும் பிடித்தான். தேவதூதன் வந்தான், சங்கிலி கழன்றது, இரும்புக்கதவு தானே திறந்தது, ரோதை என்ற பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடினாள். அதற்குப் பத்துக்கு மேற்பட்ட வசனங்கள். இரண்டு பேரும் இயேசுவோடு கூடவே இருந்தவர்கள். யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை என்று இந்தப் புத்தகத்தின் ஆசிரியர் லூக்கா எழுதவில்லை, ஒரு சமாதானமும் சொல்லவில்லை. யாக்கோபின் தாய் செபெதேயுவின் மனைவி. தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ராஜ்யத்தில் இடம் கேட்டு இயேசுவிடம் வந்தவள். பேதுரு தப்பித்த செய்தி கேட்டபோது அவள் உயிரோடு இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்த இன்னொரு குழந்தையைப் பார்க்க உங்களால் முடியவில்லை என்றால் பார்க்கப் போகவேண்டாம். சாட்சி சொல்லும் நேரத்தில் ஆலயத்தை விட்டு வெளியே வந்து நிற்கலாம். யாரும் உங்களைக் கேட்கக்கூடாது.

கடன் கழுத்தை நெரிக்கிறது. ஒரு ஊழியர் "விதைக் காணிக்கை" போட்டால் நூறு மடங்கு வரும் என்கிறார். வட்டிக்கு வாங்கியாவது போடலாமா?

கூடாது. 2 இராஜாக்கள் 4இல் கடன்காரன் பிள்ளைகளை அடிமையாக்க வந்து நின்றபோது ஒரு விதவை தீர்க்கதரிசி எலிசாவிடம் ஓடினாள். எண்ணெய் பெருகிற்று. அதை விற்றுக் கடனை அடை, மீதியை வைத்துப் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள் என்றான் எலிசா. தனக்கு ஒரு துளி கேட்கவில்லை. எந்தக் கடனுக்கு வட்டி அதிகம் என்று ஒரு தாளில் எழுதி, அதை முதலில் முடிக்கப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவருக்காவது முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். "கர்த்தர் மேல் பாரத்தை வைக்காமல் மாத்திரை மேல் வைக்கிறாயே" என்கிறார் மாமியார்.

அவருக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டா என்று கேளுங்கள். (மரியாதையாகக் கேளுங்கள்.)

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றான். தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்பினான். அவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினான், தூதன் திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அப்புறம்தான், ஓரேப் மலையில். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடமும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள், ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

அம்மா படுத்த படுக்கை. "கர்த்தருக்கு இனி நான் எதற்கு" என்கிறார்.

டோனாவூர் உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே பிள்ளைகளைக் காத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறைக்குள்தான் இருந்தார். சுகத்துக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? படுக்கையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் குறிப்புகள் அனுப்பினார். ஆனால் அவரைப் போல ஏதாவது செய்யுங்கள் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள், அது இன்னொரு பாரம். பேரப்பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். தூங்கிப்போனால் தூங்கட்டும்.

கணவரை இழந்த தோழியிடம் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வசனம் தவறா?

வசனம் சரி, வேளைதான் தவறு. அந்த வசனம் வரும் ரோமர் 8ஐ பவுல் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லவில்லை. அதே கடிதத்தில் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் எழுதினார். யோபுவின் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தது.

அடக்க ஆராதனைக்கு ஊரே வரும். மூன்றாவது மாதம் யாரும் வரமாட்டார்கள், அப்போது போங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஓய்வூதியத் தாள்கள் என்று அலைய வேண்டியிருக்கும், ஒரு நாள் விடுப்பு எடுத்துத் தாலுகா அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். அவர் பெயரைச் சொல்லியே பேசுங்கள். நாம் பெயரை எடுத்தால் அழுவாளோ என்று பயப்படாதீர்கள், எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்ப்பதுதான் அவளுக்கு அதிகம் வலிக்கும்.